ஒரு தோசைக்கு எத்தனை கேப்சூல்? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு என்சைம் கணக்கு!

இட்லிக்கு ஒண்ணு, நெய் தோசைக்கு ரெண்டு, பூரிக்கு மூணு... இது சட்னி கணக்கு இல்லை, கேப்சூல் கணக்கு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயோடு வளரும் குழந்தைகள் உள்ள வீடுகளில், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் முன்னால் அம்மாவோ அப்பாவோ மனசுக்குள் போடும் கணக்கு இது.

மற்ற மருந்துகளுக்கு ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இந்த மருந்துக்கு அப்படி எழுத முடியாது. தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து டோஸ் மாறும். அதனால்தான் புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோர் ரொம்பவே குழம்பிப்போகிறார்கள். குறைவாகக் கொடுத்தால் குழந்தை வளராது. அதிகமாகக் கொடுத்தால் குடலுக்கு ஆபத்து. நடுவில் இருக்கும் அந்தச் சரியான அளவை எப்படிப் பிடிப்பது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, இது என்ன நோய்?

நம் உடலில் சி.எஃப்.டி.ஆர் என்று ஒரு ஜீன் இருக்கிறது. செல்களுக்குள்ளும் வெளியிலும் உப்பும் தண்ணீரும் சரியாகப் போய்வர உதவும் ஜீன் இது. 1989-ல்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஜீனில் பழுது இருந்தால், உடலில் சுரக்கும் சளியும் செரிமான நீரும் பசைபோலக் கெட்டியாகிவிடும். நுரையீரலில் அந்தச் சளி தேங்கி அடிக்கடி தொற்று வரும். வியர்வையில் உப்பு அதிகமாக இருக்கும். குழந்தைக்கு முத்தம் கொடுக்கும்போதே உதட்டில் உப்புக் கரிப்பதாகச் சில அம்மாக்கள் சொல்வார்கள்.

அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்த நோய் வர 25 சதவிகித வாய்ப்பு உண்டு. பெற்றோர் பெரும்பாலும் முழு ஆரோக்கியத்தோடுதான் இருப்பார்கள். அதனால், ‘எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, உங்க பக்கத்துலேருந்துதான் வந்திருக்கும்’ என்ற சண்டைக்கு இங்கே இடமே இல்லை.

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் நம் ஊரில் ரொம்ப நாள் இருந்தது. அது சரியல்ல. நம்மிடமும் உண்டு. ஆனால், ‘நிமோனியா’, ‘வயித்துப்போக்கு’, ‘உடம்பு தேறலை’ என்ற பெயர்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. வியர்வையில் உள்ள குளோரைடு அளவைப் பார்க்கும் பரிசோதனை மூலம் இதைக் கண்டறியலாம். வேலூர் சி.எம்.சி, டெல்லி எய்ம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை கிடைக்கிறது.

கணையத்தில் என்ன சிக்கல்?

நாம் சாப்பிடும் கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றையும் உடைக்கும் என்சைம்கள் கணையத்தில்தான் சுரக்கின்றன. மெல்லிய குழாய் வழியாக அவை சிறுகுடலுக்கு வர வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கெட்டியான சுரப்பு அந்தப் பாதையை அடைத்துவிடுகிறது. உலக அளவில் இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேருக்குக் கணைய என்சைம் போதாத நிலை இருக்கிறது.

விளைவு? குழந்தை நன்றாகச் சாப்பிடும். சொல்லப்போனால், பசி பசி என்று எப்போதும் கேட்கும். ஆனால், எடை ஏறாது. சாப்பிட்ட கொழுப்பெல்லாம் அப்படியே மலத்தில் வெளியே போய்விடும். மலம் வெளிறிப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு, அளவில் அதிகமாக இருக்கும். டாய்லெட்டில் மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் போகாது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏற வேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகிவிடும்.

வெளியிலிருந்து கொடுக்கும் என்சைம் கேப்சூல் இந்தக் குறையைத்தான் ஈடுகட்டுகிறது. கேப்சூலைத் திறந்தால் உள்ளே குருணை மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு உண்டு. வயிற்று அமிலத்தில் அது கரையாது. சிறுகுடலுக்குப் போனதும் கரைந்து என்சைமை வெளியே விடும். இந்தப் பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே என்சைமை அழித்துவிடும். பின்னால் சொல்லப்போகும் பாதி விதிகளுக்கு இந்தப் பூச்சுதான் காரணம்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த என்சைம் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மதம் அல்லது சைவ உணவுப் பழக்கம் காரணமாக மனசுக்குச் சங்கடமாக இருந்தால், யாருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், உங்கள் மதப் பெரியவர்களிடம் கேளுங்கள். உயிர் காக்கும் மருந்து என்ற முறையில் இதை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் எல்லா மதத்திலும் இருக்கின்றன.

இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் ‘ஜீரணத்துக்கு’ என்று கிடைக்கும் என்சைம் சிரப் இதற்கு மாற்று ஆகாது. அவற்றில் பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து எடுக்கும் டயஸ்டேஸும் பெப்சினும்தான் இருக்கும். உங்கள் குழந்தைக்குக் கட்டாயம் வேண்டியது, கொழுப்பைச் செரிக்கவைக்கும் லிப்பேஸ். பூச்சு இல்லாத பொடி, கேப்சூல்களும் இதற்குச் சரிவராது.

எண்ணெயைக் குறைச்சுட்டா போதாதா?

பாட்டி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் சொல்லும் யோசனை இதுதான். ‘கொழுப்புதானே சேரலை, நெய்யும் எண்ணெயும் கொடுக்காதே, கஞ்சியும் ரசம் சாதமும் போதும்.’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் டாக்டர்களே இதைத்தான் சொன்னார்கள்.

மாறியது எப்படி? கனடாவின் டொரன்டோவில் இருந்த சிகிச்சை மையம் 1970-களிலேயே வேறு பாதையில் போனது. ‘கொழுப்பை நிறையக் கொடுங்கள், அதற்கு ஈடாக என்சைமும் கொடுங்கள்’ என்றார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்த மையமோ கொழுப்பைக் குறைக்கும் பழைய வழியிலேயே இருந்தது. இரண்டு இடத்து நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1988-ல் வெளியானது. டொரன்டோ நோயாளிகள் உயரத்திலும் எடையிலும் முன்னால் இருந்தார்கள். உயிர்வாழும் இடைநிலை வயது பாஸ்டனில் 21, டொரன்டோவில் 30. அதற்குப் பிறகு உலகமே டொரன்டோ வழிக்கு மாறியது.

மூச்சுவிடவும் இருமவும் தொற்றோடு போராடவும் இந்தக் குழந்தைகளுக்கு மற்ற குழந்தைகளைவிட அதிக சக்தி வேண்டும். நன்றாக எடை ஏறும் குழந்தையின் நுரையீரலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. அதனால், கேப்சூலை மிச்சப்படுத்த நெய்யைக் குறைக்காதீர்கள். நெய்யை ஊற்றுங்கள், அதற்கேற்ற கேப்சூலைக் கொடுங்கள்.

சரி, எவ்வளவு கொடுக்கணும்?

கேப்சூல் டப்பாவில் 10,000, 25,000 என்று எண் போட்டிருக்கும். அது லிப்பேஸ் யூனிட் அளவு. டோஸை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். எது உங்கள் குழந்தைக்கு என்பதை டாக்டரும் டயட்டீஷியனும் முடிவுசெய்வார்கள். கணக்கின் அடிப்படை தெரிந்தால் அவர்கள் சொல்வது உங்களுக்குப் புரியும்.

1. எடைக் கணக்கு

* கைக்குழந்தை: ஒவ்வொரு முறை தாய்ப்பால் குடிக்கும்போதும், அல்லது 120 மி.லி பாலுக்கு, 2,000 முதல் 4,000 யூனிட்.
* 4 வயதுக்குள்: ஒரு வேளை சாப்பாட்டுக்கு, ஒரு கிலோ எடைக்கு 1,000 யூனிட் என்று தொடங்குவார்கள்.
* 4 வயதுக்கு மேல்: ஒரு கிலோ எடைக்கு 500 யூனிட் என்று தொடங்குவார்கள்.
* ஸ்நாக்ஸுக்கு: சாப்பாட்டு டோஸில் பாதி.
* உச்சவரம்பு: ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 2,500 யூனிட். ஒரு நாளைக்கு, ஒரு கிலோவுக்கு 10,000 யூனிட்.

உதாரணமாக, 3 வயது, 12 கிலோ குழந்தை. தொடக்க டோஸ் வேளைக்கு 12,000 யூனிட். ஒரு வேளை உச்சவரம்பு 30,000. ஒரு நாள் உச்சவரம்பு 1,20,000. தொடக்க அளவுக்கும் உச்சவரம்புக்கும் நடுவே எங்கோ உங்கள் குழந்தையின் சரியான டோஸ் இருக்கிறது. எடையையும் மலத்தையும் பார்த்து டாக்டர் அதைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பார். குழந்தை வளர வளர இந்தக் கணக்கும் மாறும். போன வருஷ டோஸ் இந்த வருஷத்துக்குப் பொருந்தாது.

2. தட்டுக் கணக்கு

மூன்று இட்லிக்கும் மூன்று பூரிக்கும் ஒரே டோஸ் எப்படிச் சரியாகும்? அதனால் சில மையங்களில், ‘இத்தனை கிராம் கொழுப்புக்கு ஒரு கேப்சூல்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். இதற்கு நம் சமையலறைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

* ஒரு டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய்: சுமார் 5 கிராம் கொழுப்பு
* ஒரு முட்டை: சுமார் 5 கிராம்
* 15 கிராம் தேங்காய்த் துருவல்: 5 முதல் 6 கிராம்
* 20 கிராம் வேர்க்கடலை: சுமார் 10 கிராம்
* 200 மி.லி பால்: பாக்கெட்டில் 3% என்றிருந்தால் 6 கிராம், 6% என்றிருந்தால் 12 கிராம்
* எண்ணெய் தடவாத இட்லி, வெறும் சாதம்: மிகமிகக் குறைவு

இப்போது 5 வயது, 16 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். டாக்டர், ‘5 கிராம் கொழுப்புக்கு 10,000 யூனிட் கேப்சூல் ஒன்று’ என்று சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு டீஸ்பூன் நெய் விட்ட ஒரு தோசை, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. மொத்தம் 10 கிராம் கொழுப்பு, ஆக ரெண்டு கேப்சூல். மறுநாள் அதே குழந்தைக்கு மூன்று இட்லியும் லேசாகத் தாளித்த சாம்பாரும் என்றால் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை நெய் தோசை ரெண்டு, சட்னி, கூடவே 6% பால் அரை டம்ளர் என்றால் 21 கிராம் கொழுப்பு, நாலு கேப்சூல். அது 40,000 யூனிட். 16 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை உச்சவரம்பும் அதுதான். ஆகவே, தட்டுக் கணக்கு போட்டாலும் எடைக் கணக்கின் வரம்பைத் தாண்டக் கூடாது. இங்கே சொன்ன எண்கள் கணக்கு புரிவதற்காக மட்டுமே. உங்கள் குழந்தைக்கான எண்ணை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எதுக்கெல்லாம் வேண்டாம்?

கொழுப்பே இல்லாத பொருட்களைத் தனியாகச் சாப்பிடும்போது கேப்சூல் தேவையில்லை. இளநீர், நுங்கு, பழச்சாறு, பானகம், தர்பூசணி, ஆப்பிள் போன்ற பழங்கள், குச்சி ஐஸ், சர்க்கரை மிட்டாய். ஆனால், இளநீரோடு வழுக்கையையும் சாப்பிட்டால் கணக்கு மாறும். வழுக்கையில் கொழுப்பு உண்டு. அவகாடோ பழத்திலும் உண்டு. பால், மில்க் ஷேக், பால் ஐஸ்க்ரீம், சாக்லேட் எல்லாவற்றுக்கும் கேப்சூல் வேண்டும். ‘பால்தானே குடிச்சான்’ என்று விட்டுவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது.

எப்போ, எப்படிக் கொடுக்கணும்?

* முதல் வாய் சாப்பாட்டுக்கு முன் கொடுங்கள். கேப்சூலின் வேலை சுமார் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். சாப்பிட்டு முடித்த பிறகு கொடுத்தால், சாப்பாடு முன்னால் போய்விடும், என்சைம் பின்னாலேயே ஓடும்.
* அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்துச் சாப்பிடும் குழந்தையா? எவ்வளவு சாப்பிடும் என்றே தெரியாதா? டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாதி டோஸ் ஆரம்பத்தில், பாதி நடுவில் என்று பிரித்துக் கொடுக்கலாம்.
* விழுங்கத் தெரியாத குழந்தைக்கு கேப்சூலைத் திறந்து குருணையை எடுங்கள். வேகவைத்து மசித்து ஆறவைத்த ஆப்பிள் ஒரு ஸ்பூனில் தூவி உடனே கொடுங்கள். புளிப்புத் தன்மை உள்ள பழ மசியலில் பூச்சு கரையாமல் இருக்கும். பால், பாயசம், சூடான சாதம் எதிலும் கலக்க வேண்டாம். பால் பாட்டிலில் போடவே கூடாது.
* குருணையை நசுக்கக் கூடாது, குழந்தை மெல்லவும் கூடாது. கொடுத்ததும் தண்ணீரோ பாலோ குடிக்கவைத்து, ஈறு, கன்னத்தின் உள்பக்கம் பாருங்கள். குருணை தங்கினால் வாயில் புண் வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் வாயைக் கட்டாயம் பாருங்கள், அம்மாவின் மார்பிலும் புண் வரலாம்.
* ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு ரெண்டு மடங்காகக் கொடுக்காதீர்கள்.
* டப்பாவை இறுக்கி மூடி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். அடுப்பு மேடையும், வெயிலில் நிற்கும் காரும் இந்த மருந்துக்கு எதிரி. காலாவதி தேதியைப் பாருங்கள்.
* நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் வேண்டாம். மூன்று வேளை சாப்பாடு, ரெண்டு மூன்று முறை ஸ்நாக்ஸ் என்று ஒழுங்குபடுத்தினால் கணக்கும் சுலபம், செரிமானமும் நன்றாக இருக்கும்.

அதிகமானா என்ன ஆகும்?

‘என்சைம்தானே, கூடப் போனா என்ன?’ என்று தோன்றலாம். 1990-களின் தொடக்கத்தில் அதிக வீரியமுள்ள கேப்சூல்கள் வந்தபோது அப்படித்தான் நினைத்தார்கள். 1994-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்து ஓர் அறிக்கை வந்தது. அந்தக் கேப்சூல்களை எடுத்துவந்த ஐந்து குழந்தைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கி அடைப்பு ஏற்பட்டிருந்தது. அதன் பிறகு மற்ற இடங்களிலும் இதே பாதிப்பு தெரியவர, மிக அதிக டோஸோடு அதற்குள்ள தொடர்பு உறுதியானது. மேலே சொன்ன 2,500, 10,000 என்ற உச்சவரம்புகள் அதற்குப் பிறகு வந்தவைதான். வரம்புக்குள் இருக்கும்வரை பயப்பட வேண்டியதில்லை. வரம்பைத் தாண்டி நீங்களாக ஏற்றவே கூடாது.

டோஸ் போதலையோன்னு சந்தேகமா?

எண்ணெய் மிதக்கும் மலம், வயிற்று உப்புசம், சாப்பிட்டதும் வலி, ஆசனவாய் வெளியே பிதுங்குவது, எடை ஏறாமல் நிற்பது... இவை எல்லாம் அறிகுறிகள். உடனே கேப்சூலைக் கூட்டத் தோன்றும். அதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்.

1. எல்லா வேளையும் கொடுத்தோமா? பாலுக்கும் ஸ்நாக்ஸுக்கும்?
2. குழந்தை நிஜமாகவே விழுங்கியதா, துப்பிவிட்டதா, மென்றுவிட்டதா?
3. சாப்பிடுவதற்கு முன் கொடுத்தோமா, பின்னாலா?
4. மருந்து வெயிலில் இருந்ததா? தேதி முடிந்ததா? வேறு பிராண்ட் மாற்றினோமா?
5. கண்ணில் படாத கொழுப்பு ஏதாவது? ஹோட்டல் குருமா, பேக்கரி பிஸ்கட், முந்திரி அரைத்த கிரேவி?

இதெல்லாம் சரியாக இருந்தும் பிரச்னை தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். இந்த நோயில் கணையத்திலிருந்து அமிலத்தைத் தணிக்கும் காரநீரும் போதுமான அளவு வராது. அதனால் சிறுகுடலிலும் அமிலம் மிஞ்சி, கேப்சூலின் பூச்சு நேரத்துக்குக் கரையாமல் போகலாம். அப்போது டாக்டர் என்சைமைக் கூட்டாமல், அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பார். குடல் தொற்று, பால் சர்க்கரை ஒவ்வாமை போன்ற வேறு காரணங்களையும் தேடுவார்.

தாமதிக்காமல் ஓட வேண்டிய நேரம்: வலது அடிவயிற்றில் கடும் வலி, வயிறு வீக்கம், வாந்தி, மலம் போகாமல் நிற்பது. கெட்டியான மலம் சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடைப்பதால் இது வரும். சாதாரண மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் வியர்வையோடு உப்பும் தண்ணீரும் போய்விடுவதால், கோடையில் கூடுதல் உப்பும் நீரும் எவ்வளவு வேண்டும் என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல், கல்யாண வீடு, பாட்டி வீடு

வீட்டில் கணக்கு சரியாக இருக்கும், வெளியில்தான் தவறும். கிளாஸ் டீச்சரிடம் ஒரு சின்ன சீட்டு எழுதிக் கொடுங்கள்: ‘லஞ்சுக்கு முன் 2, ஸ்நாக்ஸுக்கு 1, பர்த்டே கேக் என்றால் 1’ என்று உங்கள் டாக்டர் சொன்ன எண்களோடு. ‘இது ஜீரண மருந்து, தொற்றுநோய் இல்லை’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் குழந்தை கூச்சப்படாமல் இருக்க அது உதவும்.

பாட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்தோடு ஒரு பட்டியலையும் ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள். ‘அய்யோ, இத்தனை மாத்திரையா புள்ளைக்கு!’ என்று பாட்டி பதறுவார். ‘இது மாத்திரைன்னு நினைக்காதீங்க, சோத்துல பாதின்னு நினைங்க’ என்று சொல்லிப்பாருங்கள், புரியும். விருந்துக்குப் போகும்போது பையில் ரெண்டு மூன்று கேப்சூல் கூடுதலாக இருக்கட்டும். பாயசத்துக்கு அப்புறம் ஐஸ்க்ரீம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஆறு, ஏழு வயதிலிருந்தே குழந்தையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இன்னிக்கு பூரி, எத்தனைடா செல்லம்?’ என்று கேட்டுப் பழக்குங்கள். நாளைக்கு ஹாஸ்டலிலும் ஆபீஸ் கேன்டீனிலும் இந்தக் கணக்கைப் போடப்போவது அந்தப் பிள்ளைதான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது...

அதற்கு முந்தைய மூன்று நாள்களுக்கு மட்டும் உங்கள் போன் நோட்ஸில் நாலு விஷயம் குறித்துவையுங்கள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு எண்ணெய், எத்தனை கேப்சூல், மலம் எப்படி இருந்தது. கூடவே மாதா மாதம் எடுத்த எடை. ‘சுமாரா சாப்பிடுறா டாக்டர்’ என்ற ஒரு வரியைவிட இந்தக் குறிப்பு பல மடங்கு உதவும். கூட்டணுமா, குறைக்கணுமா, நேரத்தை மாற்றினாலே போதுமா என்று டாக்டர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.